‘உன் கதையை எழுது’ என்று தொடங்காதீர்கள்

காப்பகம் ஒன்றில் தங்கியிருக்கும் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை எழுத்துப் பயிற்சி நடத்துவதாகச் சொல்கிறீர்கள். பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். சிலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். ‘உன் வாழ்க்கையைப் பற்றி எழுது’ என்று தாளைக் கொடுத்தால் நான்கு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகை நடத்த முடியுமா, முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

முடியும். எழுத்தறிவு குறைவு என்பது இதற்குத் தடையே இல்லை; அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நான்கு வரியைப் பற்றிப் பேசிவிடலாம்.

இந்தப் பிள்ளைகள் தங்கள் கதையை ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கைப் படிவம் நிரப்பியவரிடம், குழந்தைகள் நல அலுவலரிடம், மனநல ஆலோசகரிடம், நன்கொடை தருவதற்கு முன் ‘ஒரு பிள்ளையோடு பேசிப் பார்க்கலாமா’ என்று கேட்ட விருந்தினரிடம். அப்பா எப்போது போனார், அம்மா என்ன ஆனார், யார் அடித்தது, எத்தனை நாள் பட்டினி. ஒவ்வொரு முறையும் கேள்வி அந்தப் பக்கம், பதில் இந்தப் பக்கம். சொன்னால்தான் தங்க இடம், சொன்னால்தான் உதவித்தொகை. எந்த விவரத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும் என்பதுகூட அவர்களுக்கு மனப்பாடம். இப்போது நீங்களும், எவ்வளவு அன்போடு கேட்டாலும், அதே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். நான்கு வரிக்கு மேல் எழுத மறுப்பதை அவர்களுடைய சுயமரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே கேள்வியை அவர்கள் கையில் கொடுங்கள். வசதியற்ற பிள்ளைக்குப் பத்திரிகைத் தொழில் தரக்கூடியவற்றில் ஆகப் பெரியது கேட்கும் உரிமை. எப்போதும் பதில் சொல்லும் இடத்திலேயே நிறுத்தப்பட்ட ஒருத்தி, கையில் குறிப்பேட்டோடு ஓர் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து ‘இந்த முடிவை யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எங்களிடம் ஏன் கேட்கவில்லை’ என்று கேட்கிறாள். அவர் சொன்னதை எழுதிக்கொள்கிறாள். அது அச்சில் அவள் பெயரோடு வருகிறது. இதன் பிறகு அவள் வகுப்பில் உட்காரும் விதமே மாறிவிடும். தன்னைப் பற்றி எழுதும் துணிவும் பெரும்பாலும் இதற்குப் பின்னால்தான் வருகிறது, அதுவும் அவள் விரும்பினால் மட்டும்.

இதற்கு நான் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டு இத்தாலியில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்ற குக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளியில் தேர்ச்சி பெறாமல் வெளியேற்றப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967-இல் வெளிவந்து, இத்தாலியக் கல்வி அமைப்பு எப்படி நடக்கிறது என்று நாடே பேசும்படி செய்தது. ‘நான் தோற்றேன், மனம் உடைந்தேன்’ என்பதோடு அவர்கள் நின்றிருந்தால் யாரும் இரண்டாம் முறை புரட்டியிருக்க மாட்டார்கள். யார் யார் தோற்கடிக்கப்படுகிறார்கள் என்று அவர்கள் தேடினார்கள். அரசின் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் வகுப்புக்கு வகுப்பு வடிகட்டப்படுகிறார்கள் என்று அட்டவணையோடு காட்டினார்கள். தங்களுக்கு நேர்ந்த அவமானத்தைக் கேள்வியாக்கி, அந்தக் கேள்விக்கு ஆதாரம் தேடிப் போனார்கள். செய்தியாளர் செய்வது இதைத்தான்.

எப்படி எழுதினார்கள் என்பதையும் அந்தப் புத்தகத்திலேயே விவரித்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அப்படியே செய்து பார்க்கலாம். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சிறு குறிப்பேடு. தோன்றுவதை அவ்வப்போது குறித்துக்கொள்வார்கள். ஒரு தாளில் ஒரு கருத்து மட்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். ஒருநாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசைமேல் பரப்புவார்கள். ஒன்றையே சொல்பவற்றை நீக்குவார்கள். ஒன்றோடொன்று சேர்பவற்றை அடுக்குவார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஓர் அத்தியாயம். அடுக்கைச் சிறு அடுக்குகளாகப் பிரிப்பார்கள், அவை பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர் வைத்துப் பார்ப்பார்கள். பெயர் வைக்க வரவில்லை என்றால் அதில் விஷயம் இல்லை, அல்லது பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று பொருள். பிறகு வெட்டும் வேலை: தேவையில்லாத சொல், நீண்ட வாக்கியம், கடினமான சொல். கடைசியாக வெளியாட்களை, அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்து அழைத்து, உரக்க வாசிக்கச் சொல்லி, தாங்கள் சொல்ல நினைத்தது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சோதிப்பார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது மேசை. வெற்றுத்தாளின் எதிரில் யாரும் தனியாக உட்கார வேண்டியதில்லை. நன்றாகப் பேசுகிறவனின் தாளும் வாயே திறக்காதவளின் தாளும் அருகருகே கிடக்கும். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் வாய் திறக்காதவள் எழுதிய ஒற்றை வரியைச் சுற்றித்தான் மற்றவை வந்து சேரும். அதைத் தன் கண்ணாலேயே பார்ப்பாளே, அதற்குப் பிறகு நீங்கள் அவளைத் தேற்றவோ ஊக்கப்படுத்தவோ வேண்டியிருக்காது.

சரி, எழுதவே தெரியாதவர் என்ன செய்வார்? தில்லியில் தெருக்களில் வாழும், வேலை செய்யும் பிள்ளைகள் நடத்தும் ‘பாலக்நாமா’ என்ற செய்தித்தாள் 2003-இல் தொடங்கியது. அங்கே எழுதத் தெரியாத பிள்ளை செய்தியைத் திரட்டி வந்து வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை அதை எழுதுகிறது. உங்கள் வகுப்பிலும் இதையே செய்யுங்கள். ஆனால் அச்சில் சொன்னவரின் பெயர் முதலில் வரட்டும். களத்துக்குப் போய் ஆளைப் பார்த்துக் கேட்டவர்தான் செய்தியாளர்.

எழுத்துப்பிழையைப் பற்றி ஆசிரியர்கள் படும் கவலை எனக்குப் புரிகிறது. அதற்கும் நல்ல வழி பத்திரிகைதான். பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தான் ஃப்ரெனே 1920-களில் தம் கிராமப் பள்ளி வகுப்பறைக்குள் சிறு அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து, தொலைவிலிருந்த வேறு பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதை வாசித்தார்கள். பிழை திருத்துவதற்கு அப்போது உண்மையான காரணம் கிடைத்துவிடுகிறது: முகம் தெரியாத ஒருவர் இதை வாசிக்கப்போகிறார், அவருக்குப் புரிய வேண்டும். சிவப்பு மையை மெய்ப்பு பார்க்கும் கடைசி நாள்வரை பையிலேயே வைத்திருங்கள்.

மொழியும் அப்படித்தான். 2002-இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் தொடங்கிய ‘கபர் லஹரியா’ பத்திரிகையை நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்களில் தலித் பெண்கள் பலர். அவர்கள் பாடநூல் இந்தியில் எழுத முயன்று திணறவில்லை. தங்கள் பேச்சுமொழியான புந்தேலியில் எழுதினார்கள், அதனாலேயே அந்தப் பகுதி மக்கள் வாசித்தார்கள். 2009-இல் அந்தப் பத்திரிகைக்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. முதல் வரைவைப் பிள்ளை எந்த மொழியில் வீட்டில் பேசுகிறதோ அந்த மொழியில் எழுதட்டும். அச்சில் எவ்வளவு மாற்றுவது என்பதை வாசகர் யார் என்று பார்த்து, பிள்ளையோடு சேர்ந்து பிறகு முடிவு செய்யலாம்.

திருத்தும் வேலை நுட்பமானது. பெரும்பாலான பயிற்சிகள் கெட்டுப்போவது இங்கேதான். எங்கள் வகுப்பில் ஒரு பதினாறு வயதுப் பையன் கொண்டுவந்த வரைவு இது: “எங்கள் பகுதியில் நூலகம் இருந்தும் பயன் இல்லை. ஏழைகள் படிக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். இது மிகவும் வேதனைக்குரியது.” கோபம் உண்மையானது. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலிருந்தும் எழுதியிருக்க முடியும். அவனிடம் கேள்விகள் மட்டும் கேட்டோம். நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது? ஐந்துக்கு. உனக்கு வேலை எப்போது முடிகிறது? ஆறுக்கு. ஐந்து மணி என்று முடிவு செய்தது யார்? தெரியாது. யாருக்குத் தெரியும்? நூலகரைக் கேட்கலாம். உன்னைப் போல் திரும்பிப் போகிறவர்கள் வேறு யாரும் உண்டா? போய் நின்று பார்க்க வேண்டும்.

போய் நின்று பார்த்தான். அடுத்த வரைவின் முதல் வரி: “நான் வேலை முடிந்து வரும்போது நூலகத்தைப் பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.” கீழே, கதவில் ஒட்டியிருக்கும் நேர அட்டை, பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்ணின் பேட்டி, இரண்டு பேர் பார்க்கவேண்டிய வேலையைத் தான் ஒருவராகப் பார்ப்பதாக நூலகர் சொன்ன பதில். ‘வேதனை’ என்ற சொல் எங்கேயும் இல்லை. நூலகர்மேல் அவனுக்கு இருந்த கோபம், இரண்டாவது பணியிடத்தை நிரப்பாதவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த இதழுக்கான கேள்வி அதிலேயே பிறந்துவிட்டது.

இதில் நாங்கள் ஒரு வாக்கியத்தைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய தாளில் உங்கள் பேனா படவே கூடாது. ஓரத்தில் கேள்விக்குறி போடலாம், பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்கச் சொல்லலாம், தடுமாறும் இடத்தில் நிறுத்தி ‘இதை என்னிடம் வாயால் சொல்’ என்று கேட்கலாம். வாயால் சொல்வதுதான் பெரும்பாலும் சரியான வாக்கியமாக இருக்கும். ‘அதையே எழுது’ என்றால் போதும். நீங்கள் அழகாக்கிக் கொடுத்த வாக்கியம் மேடையில் வாசிக்கப்பட்டுக் கைதட்டல் வாங்கும்போது, அது தன்னுடையது இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

அதே சமயம், இரக்கப்பட்டுத் தரத்தைக் குறைக்காதீர்கள். ஆதாரம் வேண்டும், எதிர்த்தரப்பின் பதில் வேண்டும், பெயரும் தேதியும் சரிபார்க்கப்பட வேண்டும், தவறு வந்துவிட்டால் அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும். ‘பாவம், இந்தப் பிள்ளைகள் இவ்வளவு எழுதியதே பெரிது’ என்ற நினைப்பு வகுப்புக்குள் வந்த அன்றே அவர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். 1993-இல் சிகாகோவின் தென்பகுதியில் பதின்மூன்று வயது லீஆலன் ஜோன்ஸ், பதினான்கு வயது லாயிட் நியூமன் இருவரிடமும் டேவிட் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார். தங்கள் தெருவையும் குடும்பத்தையும் அவர்கள் பதிவுசெய்த நிகழ்ச்சி நாடு முழுவதும் கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பில், பத்தும் பதினொன்றும் வயதான இரண்டு சிறுவர்கள் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைப் பதினான்காம் மாடியிலிருந்து கீழே போட்டுக் கொன்றார்கள். பெரிய ஊடகங்கள் வந்து எழுதிவிட்டுப் போன பிறகு, இது எங்கள் இடத்தில் எப்படி நடந்தது என்று இந்த இருவரும் விசாரிக்கத் தொடங்கினார்கள். 1996-இல் ஒலிபரப்பான அந்தப் படைப்பு பீபாடி விருது பெற்றது. சிறுவர்கள் என்பதற்காகக் கொடுத்த ஆறுதல் பரிசு இல்லை அது. வானொலித் துறையின் ஆக உயர்ந்த விருதுகளில் ஒன்று.

இனி ஆபத்துகள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எழுதினால் மனக்காயம் ஆறும் என்று பலரும் சொல்வார்கள். அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் சக ஆய்வாளரோடு 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் துயர அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். எழுதிய கையோடு அவர்களின் மனநிலை மோசமானது. உணர்வையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது மட்டும் குறைந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த எழுத்து யாருடைய பெயரோடும் வெளியிடப்படவில்லை. பூட்டி வைக்கும் குறிப்பேட்டில் எழுதுவதும், காப்பகத்தின் ஆண்டறிக்கையில் புகைப்படத்தோடு வருவதும் ஒன்றல்ல. வகுப்பில் இரண்டு குறிப்பேடுகள் கொடுங்கள். ஒன்று இதழுக்கு. மற்றதை நீங்கள் உட்பட யாரும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரியவந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்பதையும் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர் போடுவது இன்னொரு சிக்கல். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து 2009-இல் பிபிசி உருது சேவைக்கு நாட்குறிப்பு எழுதிய பதினொரு வயது மலாலா, ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில்தான் எழுதினார். அவர் யார் என்பது பின்னர் வெளியே தெரிந்தது. 2012 அக்டோபரில் பள்ளி வாகனத்தில் வைத்துச் சுடப்பட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடித்த சித்தப்பா அதே ஊரில்தான் இருப்பார்; வேலைகொடுத்தவர் அச்சில் வந்ததை வாசிப்பார்; பத்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வருகிறவர் இணையத்தில் தேடுவார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வயது, கூடப்பிறந்தவர் எண்ணிக்கை, தழும்பு என்று விவரம் சேரச் சேர ஆள் தெரிந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் எழுதியவரோடு தனியாக உட்கார்ந்து, ‘இதை யார் யார் வாசிக்கக்கூடும், அவர்கள் வாசித்தால் என்ன ஆகும்’ என்று ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். அச்சுக்கு அனுப்பும் நிமிடம்வரை கட்டுரையைத் திரும்பப் பெறும் உரிமை எழுதியவருக்கு உண்டு. காரணம் கேட்கக் கூடாது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை 12, 13-ஆம் பிரிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை அளிக்கிறது. அதே உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு அந்தரங்கத்துக்கான உரிமையை அளிக்கிறது. நிர்வாகத்தோடு பேசும்போது இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருங்கள்.

நிர்வாகம் என்றதும் அடுத்தது வந்துவிடுகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் முதல் கேள்வி காப்பகத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்: குளியலறைக் கதவு ஏன் ஆறு மாதமாகப் பூட்டப்பட்டிருக்கிறது, கைப்பேசி நேரத்தை யார் குறைத்தது. அன்று என்ன செய்வீர்கள்? அமெரிக்காவில் ஹேசல்வுட் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர் இதழிலிருந்து, இளவயதுக் கர்ப்பத்தையும் பெற்றோர் விவாகரத்தையும் பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் 1983-இல் நீக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1988-இல் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சட்டம் பல இடங்களில் நிறுவனத்தின் பக்கமே நிற்கும். ஆகவே முதல் இதழுக்கு முன்பே காப்பகப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: எதை வெளியிடுவது என்று முடிவு செய்வது பிள்ளைகளின் ஆசிரியர் குழு, ஒருவரின் பாதுகாப்பு, அவதூறு ஆகிய இரண்டு காரணங்களுக்காக மட்டும் பெரியவர்கள் தடுக்கலாம், தடுத்தால் காரணத்தைக் குழுவிடம் சொல்ல வேண்டும், பொறுப்பாளருக்குப் பதில் எழுதும் இடம் அதே இதழில் எப்போதும் உண்டு. இதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பத்திரிகை என்ற பெயரில் விளம்பரத் துண்டு ஒன்றை நடத்தாதீர்கள். கதையும் கவிதையும் எழுதும் வகுப்பாகவே வைத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

வாசகர் இல்லாத இதழ் சீக்கிரம் செத்துப்போகும். போலந்து நாட்டு மருத்துவரும் குழந்தைகளுக்கான எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1926-இல் வார்சாவில் தொடங்கிய, பிள்ளைகளே எழுதிய வார இதழ், பெரியவர்கள் வாசிக்கும் ஒரு நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாக வந்தது. 1939 செப்டம்பரில் போர் மூளும்வரை தொடர்ந்தது. தனி இதழ் சிறியதாக இருந்தாலும், உள்ளூர் நாளிதழிலோ சமுதாய வானொலியிலோ மாதம் ஒரு பத்திக்கு இடம் கேளுங்கள். கேள்வி கேட்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை என்று அச்சிடுங்கள்.

பணம் கொடுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் வெளியான ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவருக்குச் சன்மானம் போக வேண்டும். ஒரு மாலைக் கூலியை விட்டுவிட்டு வந்து எழுதும் பிள்ளையிடம் ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்வது நியாயமில்லை. அதோடு, இது ஒரு தொழில், இதில் சம்பளம் உண்டு, எனக்கும் இதில் இடம் உண்டு என்ற எண்ணம் முதல் சன்மானத்தில்தான் பிறக்கிறது.

அடுத்த வகுப்புக்கு நீங்கள் செய்யவேண்டியது சிறிய வேலைதான். சிறு சிறு தாள்களை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ‘உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் யாரும் சொல்வதில்லை, அப்படிப்பட்ட விஷயம் ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள், எழுத வராதவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆளை நடந்துபோய்ப் பார்க்க முடியும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். முதல் இதழுக்கு மூன்று கேள்விகள் போதும். சுவரில் ஒட்டும் கையெழுத்துப் பத்திரிகையாகவே அது இருக்கட்டும். ஒரு மாதத்துக்குள் வெளிவந்துவிட வேண்டும். தள்ளிப்போனால் சொன்னதைச் செய்யாத இன்னொரு பெரியவராக உங்களையும் அவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இரண்டாம் இதழுக்கான கூட்டத்தை அவர்களில் ஒருவர் தலைமையேற்று நடத்தட்டும். அன்று நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.